இடது பக்கத்துக்கு ஒரு பெயர்

டீக்கடையில் போடுவார்களே, முழங்கால் உயரம்கூட இல்லாத சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல், அதைக் கையில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற மனிதரை நான் சயாவுக்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. எங்கள் ஆபீஸ் உள்ள தாமுவேயிலிருந்து மிங்கலாடோன் பக்கம் இருந்த கால்பந்துக் கிளப்பின் பயிற்சி மைதானத்துக்குப் போய்ச் சேரும்வரை அது அவர் மடியில் இருக்கும். இறங்கியதும் மைதானத்துக்குள் போய் நல்ல இடமாகப் பார்த்து உட்காருவார் என்று நினைத்துக்கொண்டுதான் முதல் தடவை அவரோடு போனேன். அவரோ வாசலிலேயே, தூங்குமூஞ்சி மரத்தடியில் ஸ்டூலைப் போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கிளப்பின் பஸ் வந்தது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி உள்ளே போனார்கள். கடைசி ஆள் போனதும் சயா எழுந்து லோன்ஜியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வாம்மா, டீ குடிக்கலாம்" என்றார். உள்ளே பந்தை உதைக்கிற சத்தம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

சயா என்றால் பர்மிய மொழியில் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்பவரையும் அப்படிக் கூப்பிடுவார்கள், ஆபீஸில் பெரியவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் சயா, கால்பந்துக்கென்றே வந்துகொண்டிருந்த ஒரு பர்மிய வார இதழுக்கு ஆசிரியர். நான் அங்கே பக்கம் கட்டுகிறவள். ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவருடைய முன்னோர்கள் கடற்கரை ஊரிலிருந்து வந்து துணிக்கடை வைத்த முஸ்லிம் குடும்பம். கடை என்றைக்கோ போய்விட்டது, தமிழ் மட்டும் போகவில்லை. என்னுடையவர்கள் ரயில்வே கூலிகளாக வந்தவர்கள். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் சயா தமிழுக்கு மாறிவிடுவார். கொஞ்ச நாளில் ஆபீஸ் முழுவதற்கும் அது பழகிப்போய், அவர் தமிழில் வாயைத் திறந்தாலே யாருக்கோ அர்ச்சனை நடக்கிறது என்று புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் கிளப் சில புது ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளும். சின்ன அணிகளில் ஆடுகிறவர்கள், வெளியூரிலிருந்து மூட்டையோடு வந்து தேர்வு ஆட்டத்தில் ஓடுகிறவர்கள் என்று பெருங்கூட்டம் மோதும். அதிலிருந்து யார் யாரை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே ஊகித்து சயா ஒரு பக்கம் எழுதுவார். வருஷத்தில் அந்த ஒரு இதழுக்காகவே எங்கள் பத்திரிகையை வாங்கினவர்கள் உண்டு. டீக்கடைகளில் அதை நடுவில் விரித்துப் போட்டுக்கொண்டு சண்டை நடக்கும். அநேகமாக அவர் சொன்ன பெயர்கள்தான் கிளப்பின் அறிவிப்பிலும் வரும். கிளப்காரர்களே அவர் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் ஆள் எடுக்கிறார்கள் என்று சிலர் கேலி செய்வார்கள். சயா அதற்குச் சிரிப்பாரே தவிர, இல்லை என்று சொன்னதில்லை.

அவருடைய வித்தை எல்லாம் அந்த வாசலில்தான் இருந்தது. மற்றப் பத்திரிகைக்காரர்கள் புது ஆட்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று மாய்ந்து மாய்ந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் பழைய ஆட்கள் பஸ் படியில் எப்படி இறங்குகிறார்கள் என்று பார்ப்பார். "ஆளைப் பாக்காதேம்மா, ஓட்டையைப் பாரு" என்பார். ஒரு வருஷம் எல்லாரும் கோல் போடுகிற ஆளைத்தான் கிளப் தேடும் என்று எழுதினார்கள். சயா மட்டும் கோல்கீப்பர் என்று எழுதினார். அப்போதைய கோல்கீப்பர் நட்சத்திரம், சுவரொட்டியில் எல்லாம் அவர் முகம்தான். ஆனால் அவர் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, கர்ப்பிணி மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கியதை சயா பார்த்திருந்தார். எங்களை நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். கிளப் கோல்கீப்பரைத்தான் எடுத்தது. அன்று ஆபீஸ் முழுவதற்கும் டீயும், பலாட்டா என்று இங்கே சொல்கிற பரோட்டாவும் சயா உபயம்.

அதெல்லாம் நன்றாக இருந்த காலம். பிறகு ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடு மாறியது, எங்கள் பத்திரிகையும் சுருங்கியது. காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் அச்சை நிறுத்திவிட்டு போனில் மட்டும் பக்கத்தைப் போட்டோம். மின்சாரம் முறை வைத்து வரும். வரும் நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் கட்டடத்து ஜெனரேட்டர் புகையைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆட்கள் குறைந்து கடைசியில் சயாவும் நானும் கணக்குப் பார்க்கிற அம்மாளும் மட்டும்தான் மிஞ்சினோம். எனக்கு அந்தக் காலத்தை நினைத்தாலே உடம்பில் அசதி வந்துவிடுகிறது. காலையில் எழுந்ததும் தண்ணீர் பிடிப்பதிலேயே அன்றைய தெம்பு தீர்ந்துபோகும்.

வயதுப் பையன்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுக்கிற சட்டம் அமலுக்கு வந்தபோது அசதியோடு பயமும் சேர்ந்துகொண்டது. வார்டு வார்டாகப் பெயர் எழுதினார்கள், சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்கள். தேர்வு ஆட்டத்துக்கு வருகிற கூட்டம் பாதியாகக் குறைந்தது. போன வாரம் மைதானத்தில் பந்தைத் துரத்தியவன் இந்த வாரம் தாய்லாந்து எல்லையைத் தாண்டிவிட்டான் என்று சேதி வரும். "முந்தியெல்லாம் யாரை எடுப்பான்னு யோசிச்சா போதும். இப்ப யாரு ஊர்ல இருப்பான்னுல்ல யோசிக்க வேண்டியிருக்கு" என்று சயா அலுத்துக்கொண்டார். ஆனாலும் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போவதை அவர் விடவில்லை.

அந்த வருஷம் ஓட்டை எங்கே என்பது எனக்கே தெரிந்தது. இடது பக்கத் தடுப்பாட்டக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு காலை ஊன்றுவதற்கு முன்னால் யோசித்தார். இடது காலால் ஆடக்கூடிய ஒருவனைக் கிளப் எடுத்தே தீர வேண்டும். அப்படி ஆடக்கூடியவர்களில் முதல் ஆள் என் அக்கா மகன். சொந்தக்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை. சின்ன வயதில் சாப்பாட்டை இடது கையால் எடுத்து என் அக்காவிடம் அடி வாங்கினவன், அந்தக் கைதான் காலிலும் இறங்கியிருக்கிறது என்று எங்கள் வீட்டில் சொல்வோம். சயாவே ஒருமுறை, "உங்க வீட்டுப் பிள்ளைக்கு பந்து காலோட ஒட்டிக்கிது" என்றிருக்கிறார்.

அக்கா மகனுக்கு அப்போது படைக்கு எடுக்கிற வயது. அக்கா வார்டு ஆபீஸுக்குப் போய், மகன் மலேசியாவுக்குப் போய் வருஷமாகிறது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவனோ மாவ்பியில் எங்கள் சித்தி வீட்டில் இருந்துகொண்டு, விடியற்காலையில் மிங்கலாடோனுக்கு வந்து தேர்வு ஆட்டத்தில் ஓடிவிட்டு, வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தான். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவள்தான் ஒரு நாள் என்னிடம் வந்து, "உங்க சயாகிட்ட சொல்லி இவன் பேரைப் போடச் சொல்லுடி. போட்டோவும் நல்லதா ஒண்ணு வச்சிருக்கேன்" என்றாள். கிளப்பில் சேர்ந்துவிட்டால் கிளப் பெரிய இடத்தில் பேசி இவனைக் காப்பாற்றிவிடும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அது நிஜமா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. அப்போது காற்றில் வந்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு தொங்கினோம். மகன் மலேசியாவில் இருக்கிறான் என்று சொன்ன வாயாலேயே அவன் படத்தை ஊருக்கெல்லாம் காட்டச் சொல்கிறோமே என்று அவளுக்கும் தோன்றவில்லை, அந்த நிமிஷம் எனக்கும் தோன்றவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அவன் பெயர் அந்தப் பக்கத்தில் வர வேண்டும், அவ்வளவுதான்.

சயாவிடம் நான் சொல்லவே வேண்டியிருக்காது என்று நினைத்திருந்தேன். அவர் எழுதிக் கொடுத்ததைத் தட்டிக்கொண்டே வந்தேன். இடது பக்கத்துக்கு நேரே என் அக்கா மகன் பெயர் இல்லை. மக்வே பக்கத்திலிருந்து வந்த ஒருவனின் பெயர் இருந்தது. நல்ல உழைப்பாளிதான், ஆனால் என் அக்கா மகனுக்கு உறை போடக் காணாது. சயா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு எழுதிவிட்டாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். கேட்டேவிட்டேன். அவர் கதவுப் பக்கம் பார்த்தார். கணக்கு அம்மாள் சாப்பிடப் போயிருந்தாள். இருந்தும் தமிழில்தான், அதுவும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உன் அக்கா மவன் பேரை நான் போட்டா, கிளப்பு மட்டுமா படிக்கும், தங்கச்சி?"

வார்டு ஆபீஸும் படிக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடலாமே என்றேன். அதையும் அவர் யோசித்திருந்தார். இடது பக்கத்துக்கு ஆள் வேண்டும் என்று எழுதிவிட்டுப் பெயரைச் சொல்லாமல் விட்டால், யார் அந்த ஆள் என்று டீக்கடை முழுக்கத் தேடும், தேடினால் இவனிடம்தான் வந்து நிற்கும் என்றார். ஏதாவது ஒரு பெயரைப் போட்டு மூடிவிட வேண்டும். மக்வேக்காரன் கூட்டாளிகளோடு தாய்லாந்துக்குக் கிளம்ப எல்லா ஏற்பாடும் செய்துவிட்டான் என்று அவன் தங்கியிருக்கிற விடுதியில் சொல்லியிருக்கிறார்கள். பக்கம் வெளிவரும்போது அவன் எல்லையைத் தாண்டியிருப்பான், அவன் பெயரால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வராது. இப்படித்தான் சயா கணக்குப் போட்டிருந்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வாழ்க்கை முழுவதும் சம்பாதித்த பெயரை எங்கள் வீட்டுப் பிள்ளைக்காக அவர் கெடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர், "வேலையைப் பாரும்மா, கரெண்டு போயிரும்" என்றார்.

பக்கம் வெளியானதும் எதிர்பார்த்த மாதிரியே கிழித்துத் தோரணம் கட்டினார்கள். கிழவருக்குக் கண் தெரியவில்லை, ஸ்டூலுக்கு வயசாகிவிட்டது என்றெல்லாம் பக்கத்துக்குக் கீழே கருத்து எழுதினார்கள். அக்கா என்னோடு பேச்சை நிறுத்தினாள். அவள் மகன் போனில் அழுதான், அழுதுவிட்டு, சயாவே என்னை எண்ணாதபோது கிளப் எங்கே எண்ணப் போகிறது என்று ஒரே பிடியாக நின்றான். அடுத்த சில நாட்களுக்குள், வார்டு ஆபீஸில் அவனுடைய அம்மா எந்த நாட்டைச் சொல்லியிருந்தாளோ அந்த நாட்டுக்கே போய்ச் சேர்ந்தான். எப்படிப் போனான் என்பதை எழுத வேண்டாம். கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டிலிருந்து அவன் முகம் போனில் தெரிந்த அன்றைக்குத்தான் அக்கா மறுபடி என் வீட்டு வாசலை மிதித்தாள். உன் சயா செய்தது என்னவென்று இப்போதுதான் விளங்குகிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த நிம்மதி பொய்யில்லை, இன்றைக்கும் இருக்கிறது.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, ஒரு மத்தியானம், ஆபீஸ் படியேறி ஓர் இளைஞன் வந்தான். வெயிலில் கறுத்த முகம், வாரி விட்ட ஈரத் தலை, கையில் ஒரு பனைவெல்லப் பொட்டலம். சயாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கும்பிட்டான். மக்வேக்காரன். இந்நேரம் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டியவன். அவன் சந்தோஷத்தில் நிறுத்தாமல் பேசினான். பையைக் கட்டி வைத்திருந்தானாம், கூட்டாளிகளோடு வண்டி ஏற வேண்டிய அன்றைக்கு யாரோ போனில் இந்தப் பக்கத்தைக் காட்டினார்களாம். சயாவின் ஊகம் தப்பாது என்பது மக்வேயில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். கூட்டாளிகளை அனுப்பிவிட்டுப் பையைப் பிரித்துவிட்டான். அம்மாவிடம் போனில் சொன்னபோது, வெறுங்கையோடு போய் நிற்காதே என்று பஸ்ஸில் வெல்லம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

சயா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வெல்லப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினவர் அதைக் கீழே வைக்க மறந்துவிட்டார். பிறகு பேச ஆரம்பித்தார். இந்தமுறை தன் ஊகம் பலிக்காது, கிளப்பில் பண முடை, யாரையும் எடுப்பார்கள் என்று நம்ப முடியாது, கூட்டாளிகள் போன வழியிலேயே உடனே கிளம்பிப் போய்விடு என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். பெயரை ஏன் போட்டார் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னால் என் அக்கா மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கா வார்டு ஆபீஸில் சொன்ன பொய்யை, முன்பின் தெரியாத ஒருவனிடம் அவிழ்க்க எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. மக்வேக்காரன் எல்லாவற்றையும் பெரிய மனிதரின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தான். "சயா எப்பவும் இப்படித்தான் தன்னைக் குறைச்சுப் பேசுவீங்களாம், சொல்லியிருக்காங்க" என்றான். படியிறங்கும்போது இரண்டிரண்டு படியாகத் தாவிப் போனான். சயா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளப்பின் அறிவிப்பு வந்தது. இடது பக்கத்துக்குப் புதிதாக யாரையும் எடுக்கவில்லை. வேறொரு அணியிலிருந்து வயதான ஒருவரை ஒரு சீசனுக்கு மட்டும் இரவலாக வாங்கிக்கொண்டார்கள். அறிவிப்பைப் படித்ததும் சயா மக்வேக்காரன் தங்கியிருந்த விடுதிக்கே போனார். அவன் இல்லை. முந்தின நாள் சாயந்தரம் சாப்பாடு வாங்கக் கீழே போனவன் திரும்பவில்லை என்றார்கள். சாலையில் ஒரு வண்டி நின்றதாகவும் சிலரை ஏற்றிக்கொண்டு போனதாகவும் பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம். சில நாள் கழித்து, அவன் படைப் பயிற்சியில் இருக்கிறான் என்று தெரிந்தது. எந்த இடம் என்று தெரியவில்லை. அதன் பிறகு அவனைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

சயா அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. ஊகப் பக்கத்தை நிறுத்திவிட்டார். வாசகர்கள் கேட்டபோது, போன தடவை தப்பாகச் சொல்லி மானம் போய்விட்டது என்று சமாளித்தார். அக்கா வாராவாரம் மகனிடம் பேசி முடித்த கையோடு சயாவுக்கு ஏதாவது சமைத்து என்னிடம் கொடுத்தனுப்புவாள். மீன் குழம்பு, சுசியம், சில நாள் வடை. அவர் வாங்கி வைத்துக்கொள்வார், கணக்கு அம்மாள்தான் சாப்பிடுவாள். உங்கள் சயா ஏன் ஒருநாளும் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறார் என்று அக்கா கேட்பாள். அவளுக்கு மக்வேக்காரனைப் பற்றித் தெரியாது. மகன் உயிரோடு இருக்கிற சந்தோஷத்தில் முகம் தெளிந்து நடமாடுகிறவளிடம் அதைப் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சயாவும் சொல்ல வேண்டாம் என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் ஆபீஸ் போன் அடித்தது. பர்மிய மொழியில், மேல் பர்மாக் கிராமத்து இழுவையோடு ஒரு பெண் குரல். சயாவோடு பேச வேண்டும் என்றது. அவரிடம் கொடுத்தேன். பழைய போன், அந்தப் பக்கம் பேசுவது அறை முழுக்கக் கேட்கும். நான் மக்வேயிலிருந்து பேசுகிறேன், வெல்லம் கொடுத்தனுப்பினவள் என்றாள். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், மகன் எங்கே என்று கேட்க இங்கே ஓர் இடம் பாக்கி வைக்கவில்லை, யாரும் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார்கள் என்றாள்.

"சயா சொன்னா தப்பாதுன்னு என் பிள்ளை சொல்லுவான். அவன் எப்ப வருவான்னு சயா ஒரு வார்த்தை சொல்லுங்க."

சயா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் ஆயிரம் பெயர்களைத் தயங்காமல் சொன்ன மனிதர். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மழை முடியட்டும்மா, வருவான்" என்றார். அந்தப் பக்கம் அவள் திரும்பத் திரும்ப நன்றி சொல்வது கேட்டது. போனை வைத்ததும் என் பக்கம் திரும்பித் தமிழில், "வேற என்ன சொல்றது தங்கச்சி" என்றார்.

மழை முடிந்தது. அவன் வரவில்லை. அவள் மறுபடி பேசினாள். சயா மறுபடி ஏதோ ஒரு பருவத்தைச் சொன்னார், அவள் மறுபடி நன்றி சொன்னாள். இந்த வருஷம் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால், கடும் வெயில் காலத்தில், சயா தூக்கத்திலேயே போய்விட்டார். மார்பு வலிக்கிறது என்று முந்தின நாள் சொல்லியிருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போக அலுப்பாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். அக்கா வந்து வாய்விட்டு அழுதாள். மலேசியாவிலிருந்து அவள் மகன் போனில் அழுதான். அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு நான் ஆபீஸுக்கு வந்து அவர் மேஜையைத் துடைத்து வைத்தேன்.

இப்போது பக்கத்தை நான் ஒருத்தியே நடத்துகிறேன். இங்கிலாந்தில் ஆடுகிற அணிகளைப் பற்றி எழுதுகிறேன், அதைத்தான் படிக்கிறார்கள். எங்கள் ஊர்க் கிளப்புகள் யாரை எடுக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் சோறு வடிக்கக்கூடத் தெம்பு இருப்பதில்லை. என்றாலும் ஆபீஸ் போனை மட்டும் நான் துண்டிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு எண்தான்.

போன வாரம் பேசினாள். சயா இருக்கிறாரா என்று கேட்டாள். மைதானத்துக்குப் போயிருக்கிறார் என்றேன். அது வாயில் வந்துவிட்டது. பிறகு திருத்த முடியவில்லை. என் பிள்ளையைப் பற்றி சயா என்ன சொல்கிறார், ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று கேட்டாள். மழை முடிந்ததும் வருவான் என்று சொன்னார் என்றேன்.

"எங்க ஊர்ல மழை நின்னு ரொம்ப நாளாச்சே, மகளே."

வெளியே தாமுவே முழுக்கச் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இங்கே இன்னும் பெய்யுதும்மா" என்றேன்.